சிரித்ததற்கு ஏன் வெட்கம்?

கேள்வி: ஜோசஃப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ நாவலைக் கொடுத்து, படித்தபோது தோன்றியதைக் கட்டுரையாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நூறு பக்கம் தலைகால் புரியவில்லை. பிறகு விழுந்து விழுந்து சிரித்தேன். ஸ்நோடன் என்ற இளைஞன் விமானத்துக்குள் சாகும் இடம் வந்ததும், அதுவரை சிரித்ததற்கே வெட்கமாகிவிட்டது. போரை வைத்துச் சிரிக்கலாமா? ‘போரின் கொடுமையை ஆசிரியர் அங்கதத்தின் வழியே அழகாகச் சித்திரித்துள்ளார்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, மேலே போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
– ஓர் இலக்கிய மாணவி

பதில்: முதலில் அந்த வரியை அடித்துவிடுங்கள். நாவலைத் தொட்டுக்கூடப் பார்க்காதவரும் அதை எழுதிவிடலாம். வெட்கமாகிவிட்டது என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, உங்கள் கட்டுரை அங்கேதான் இருக்கிறது.

எங்கெங்கே சிரித்தீர்கள் என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். மைலோவின் முட்டை வியாபாரத்துக்குச் சிரித்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஓர் அமெரிக்க விமானப்படை முகாமின் சாப்பாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி அவன்; மால்டாவில் ஒரு முட்டையை 7 செண்டுக்கு வாங்கி 5 செண்டுக்கு விற்று, அதிலும் லாபம் பார்க்கிறான். கேட்டால், தன் கூட்டு வியாபாரத்தில் எல்லாருக்கும் பங்கு உண்டு என்கிறான். ஜெர்மானியர்களோடு ஒப்பந்தம் போட்டுச் சொந்த முகாமின் மீதே குண்டு போட வைக்கிறான். கணக்கைத் திறந்து லாபத்தைக் காட்டியதும் கூச்சல் அடங்கிவிடுகிறது. விமானிகளின் மிதவை உடுப்பிலிருந்த வாயுக் குப்பிகளை உருவி அதிகாரிகளுக்கு ஐஸ்கிரீம் சோடா தயாரிக்கிறான். இதையும் சிரித்தபடியேதான் கடக்கிறோம். அந்த உடுப்போடு கடலில் விழப்போகிறவன் நம் நினைவுக்கு வருவதே இல்லை.

இப்போது 41ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள். மொத்தமே 42தான். ஸ்நோடனின் தொடைக் காயத்துக்கு மருந்து தூவிப் பதமாகக் கட்டுப்போடுகிறான் நாவலின் நாயகன், குண்டுவீச்சாளன் யொசேரியன். முதலுதவிப் பெட்டியில் மார்ஃபின் இல்லை. அதன் இடத்தில் ஒரு சீட்டு: மைலோவின் நிறுவனத்துக்கு எது நல்லதோ அதுவே நாட்டுக்கும் நல்லது. வலியில் துடிக்கிறவனுக்குக் கொடுக்க மிஞ்சியது ஆஸ்பிரின் மாத்திரை. குளிர்கிறது, குளிர்கிறது என்று அந்தப் பையன் முனகிக்கொண்டே இருக்கிறான். உயிரைக் குடிக்கும் காயம் அக்குளுக்கருகே, கவச உடுப்புக்குள் ஒளிந்திருப்பது யொசேரியனுக்குப் பிறகுதான் தெரிகிறது.

முட்டை விற்றவன்தான் மார்ஃபினையும் எடுத்திருக்கிறான். அவனை ரசித்துக்கொண்டே வந்த நமக்கும் அதில் ஒரு பங்கு வந்து சேர்ந்துவிடுகிறது. உங்கள் வெட்கம் வாசிப்பில் நேர்ந்த கோளாறு என்று நினைக்காதீர்கள். ஹெல்லர் அத்தனை பக்கங்களாக விரித்த வலை அது. அந்த இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினாலே பாதிக் கட்டுரை முடிந்துவிடும்.

போரை வைத்துச் சிரிக்கலாமா என்றால், தாராளமாகச் சிரிக்கலாம், யாரைப் பார்த்து என்பது தெரிந்திருந்தால். டாக்டர் டானிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். பறக்காமலேயே பறப்புப் படி வாங்குவதற்காக விமானப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்கச் சொன்னவர். அந்த விமானம் மலையில் மோதுகிறது. ஆள் கண்ணெதிரே நிற்கிறார், பதிவேட்டின்படி செத்துவிட்டார். சம்பளம் நின்றுபோகிறது, மனைவிக்கு இழப்பீட்டுப் பணமும் அனுதாபக் கடிதமும் போகின்றன. இதற்கு நேர்மாறாக மட் என்ற வீரன்: வருகையைப் பதிவு செய்யும் முன்பே பறக்க அனுப்பப்பட்டுச் செத்துப்போனவன். காகிதத்தில் அவன் வந்து சேரவே இல்லை. ஆகவே யொசேரியனின் கூடாரத்தில் கிடக்கும் அவன் சாமான்களை அகற்றவும் வழியில்லை. எனக்கு இந்த நாவலிலேயே மிகவும் பிடித்த ஜோடி இது. நம் சிரிப்பு போய்த் தைக்க வேண்டிய இடம் அந்தப் பதிவேடு.

முதல் நூறு பக்கம் புரியாததையும் மறைக்காமல் எழுதுங்கள். ஸ்நோடனின் சாவு தொடக்கத்திலிருந்தே துணுக்குத் துணுக்காக வந்துகொண்டிருக்கிறது. யொசேரியன் அதை முழுதாக நினைத்துப் பார்க்கத் துணியும்வரை நமக்கும் முழுதாகக் கிடைப்பதில்லை.

குறை சொல்லவும் தயங்க வேண்டாம். நேட்லி என்ற இளம் விமானி உயிருக்கு உயிராகக் காதலிக்கும் ரோமாபுரிப் பெண்ணுக்குக் கடைசிவரை ஒரு பெயர்கூட இல்லை. ‘நேட்லியின் வேசி’, அவ்வளவுதான். பெண்களைப் பற்றி ஹெல்லர் எழுதிய பல பக்கங்கள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. உங்களுக்கும் அப்படித் தோன்றியிருந்தால் எழுதிவிடுங்கள், மதிப்பெண் குறையாது.

ஆசிரியர் வரலாற்றுக்கு நாலு வரிக்கு மேல் இடம் கொடுக்காதீர்கள். 1944இல் கோர்சிகா தீவிலிருந்து குண்டுவீச்சாளராக 60 முறை பறந்தவர். நாவல் 1961இல் வெளிவந்தது. ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிரான்ஸின் அவினியோன் நகர் மீது பறந்தபோது அவருடைய விமானத்தில் ஒரு துப்பாக்கி வீரருக்குத் தொடையில் காயம்பட்டது. ஹெல்லர்தான் கட்டுப்போட்டார். அந்த வீரர் பிழைத்துக்கொண்டார்.