நோட்டை வெளியிட்டவரே அதற்கு எதிராகத் தீர்ப்பு எழுதினாரா?

கேள்வி: சட்டக் கல்லூரியில் படிக்கிறேன். அமெரிக்கத் தலைமை நீதிபதி சால்மன் சேஸ் பற்றிக் கருத்தரங்கில் பேச வேண்டும். நிதியமைச்சராகக் காகித டாலரை வெளியிட்டவரும், பிறகு அது செல்லாது என்று தீர்ப்பளித்தவரும் அவரே என்கிறார்கள். உண்மையா? எப்படி விளக்குவது?

பதில்: ஆள் ஒருவர்தான். ஆனால் 'நோட்டு செல்லாது' என்று மட்டும் மேடையில் சொல்லிவிடாதீர்கள். அவர் அப்படித் தீர்ப்பளிக்கவில்லை.

1862-இல் உள்நாட்டுப் போருக்குப் பணமில்லை. தங்கம் கைக்கு வராததால் 15 கோடி டாலருக்கு நோட்டு அச்சிடச் சட்டம் வந்தது. கடனை நோட்டாகத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கியே ஆக வேண்டும் என்றது அந்தச் சட்டம். இந்தக் கட்டாயம் சேஸுக்கு அப்போதே உறுத்தியது. வேறு வழியில்லாமல்தான் ஒப்புக்கொண்டார்.

அப்புறம் வந்தது ஹெப்பர்ன் வழக்கு. உங்கள் பேச்சை இங்கிருந்தே தொடங்குங்கள். திருமதி ஹெப்பர்ன் 1860-இல் எழுதிக்கொடுத்த கடன் பத்திரத்தின் தொகை 11,250 டாலர், கெடு 1862 பிப்ரவரி 20. சட்டம் வந்தது பிப்ரவரி 25. ஐந்தே நாள் இடைவெளி! தங்கத்தை எண்ணிக் கடன் கொடுத்தவர், மதிப்பிறங்கிய நோட்டை வாங்கிக்கொள்ள வேண்டுமா? வேண்டாம் என்றார் சேஸ், 1870-இல். சட்டம் வருவதற்கு முன் வாங்கிய கடனுக்குத்தான் அந்தத் தீர்ப்பு. நோட்டு புழக்கத்திலேயே இருந்தது. போர்ப் பரபரப்பில் நிதானமாக யோசிக்க முடியவில்லை, அமைதி திரும்பியபின் பலர் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று தீர்ப்பிலேயே எழுதினார். என்னைக் கேட்டால், அந்த நேர்மைதான் அவரைப் படிக்க வைக்கிறது. மறு ஆண்டே 5-4 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டது. சேஸ் சிறுபான்மையில் நின்றார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம்: சின்சினாட்டியில் தப்பியோடிய அடிமைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர், செனட்டர், ஒஹாயோ ஆளுநர். 1864 டிசம்பரில் லிங்கன் அவரைத் தலைமை நீதிபதியாக்கினார். 1868-இல் அதிபர் ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணைக்குத் தலைமை தாங்கினார். ஒன்றை மட்டும் விடாதீர்கள்: பதவியேற்ற சில வாரங்களிலேயே, 1865 பிப்ரவரி 1 அன்று, ஜான் ராக் என்ற கறுப்பின வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் உரிமையை அவர் முன்னிலையில் பெற்றார். கறுப்பினத்தவரில் அவரே முதல்வர்.

சேஸ் வங்கி அவருடையதா என்று அவையில் யாராவது கேட்கக்கூடும். இல்லை. அவர் 1873-இல் இறந்தார். வங்கி 1877-இல் தொடங்கப்பட்டது. பெயர் மட்டுமே அவருடையது.