உப்பு அடியிலிருந்துதான் வருகிறது

ஐயா,

தீவுகள் மூழ்குவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் வேதாரண்யம் பக்கம். கடல் கூப்பிடு தூரம். மணல் தோட்டம், மா, முல்லை, கொஞ்சம் கடலை. சில வருடங்களாக போர் தண்ணீர் உவர்க்கிறது, இன்னும் ஆழமாக இறக்கச் சொல்கிறார்கள். மோட்டார் வந்ததும் பழைய குட்டையை அப்பா தூர்த்துவிட்டார். மாலத்தீவில் மாலேயைச் சுற்றிச் சுவர் கட்டியிருக்கிறார்களாமே, நம் கரைக்கும் அப்படிக் கட்டினால் தீராதா?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் ஆழம் போடுவதை நிறுத்தி வையுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

மாலே சுவர் உண்மைதான். 1987இல் பெரிய அலைகள் ஊருக்குள் புகுந்த பிறகு ஜப்பான் உதவியில் கட்டினார்கள். ஆனால் அதே மாலே 2014 டிசம்பரில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்ததும், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தது. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சுவர் நின்ற இடத்தில்தான் நின்றது, ஆனால் ஊருக்கு அடியில் இருந்த நல்ல தண்ணீர் அதற்கு வெகுகாலம் முன்பே கெட்டுப்போயிருந்தது.

உங்கள் தோட்டத்திலும் அதே கதைதான். மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் நூற்றுக்கு இரண்டரை பங்குதான் கனம் அதிகம், அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் எல்லாம் நிற்கிறது: கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி வரை இருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் போட்டால் வயிற்றைக் கலக்கும். மோட்டார் ஓடி மேலே 1 அடி இறங்கினால், நாளடைவில் உப்பு 40 அடி ஏறி வரும். ஆழம் போடுகிறவர் குழாயை அதற்கு நேராகவே கொண்டுபோய் விடுகிறார்.

பசிபிக் கடலில் கிரிபாட்டி தீவுக்காரர்கள் பாபாய் என்று ஒரு கிழங்கு போடுகிறார்கள், நம் சேம்புக்குப் பெரியண்ணன் மாதிரி. நல்ல தண்ணீர் தட்டுப்படும் மட்டம் வரைக்கும் குழி வெட்டி அதற்குள்ளேயே நடுகிறார்கள். பெரிய அலை ஒன்று உள்ளே விழுந்தால் குழியே பாழ், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது புஷ்பவனம் பக்கம் பார்த்த ஒரு குட்டை. மார்பளவு ஆழம், சுற்றிலும் மணல் சரிவு. ஒரு பெரியவர் இரண்டு கையிலும் பூவாளிக் குடத்தோடு இறங்கி, அடியைக் கலக்காமல் மேலாக முகந்து, ஏறும்போதே செடிக்கு ஊற்றிக்கொண்டு போனார். இன்னும் கொஞ்சம் தோண்டலாமே என்றேன். "தோண்டினா கடல்தான் தம்பி" என்றார். 2018 நவம்பரில் கஜா அடித்து நாள் கணக்கில் கரண்ட் இல்லாதபோது, அங்கே மோட்டார் வைத்திருந்தவர்களும் குடத்தோடு அந்தக் குட்டைக்குத்தான் வந்தார்களாம்.

சுமந்து ஊற்ற ஆள் எங்கே என்று கேட்பீர்கள். சரி, சின்ன மோட்டார் வையுங்கள், ஆனால் ஒரே இடத்தில் உறிஞ்சாமல் இரண்டு மூன்று குட்டைகளில் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக.

அப்புறம் கூரைத் தண்ணீர். பெர்முடா தீவில் ஆறே கிடையாது, வெள்ளையடித்த கூரையில் விழும் மழையை வீட்டுக்கடியில் தொட்டி கட்டிச் சேர்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நாமும் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினோம். என் வீட்டுக் குழியின் மேல் இப்போது துடைப்பமும் பழைய வாளியும் இருக்கின்றன, ஆகவே இதில் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் குடிக்கிற தண்ணீருக்கு ஒரு தொட்டி கட்டிக்கொண்டு, வழிவதைக் குட்டைக்கு விடுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிடலாம். பழைய குட்டை எந்த இடத்தில் இருந்தது என்று அப்பாவுக்குத் தெரியும், இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.