லெக்சர் ரெக்கார்டிங் இருக்கும்போது பல்கலைக்கழக முதலாண்டில் நேரில் போகத்தான் வேண்டுமா?

போவது நல்லது. 2010-இல் வெளியான கிரெடே குழுவினரின் தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பது), கல்லூரி கிரேடோடு பள்ளி மதிப்பெண்ணைவிட வருகைக்கே நெருங்கிய தொடர்பு தெரிந்தது. வருகையைக் கட்டாயமாக்கியதால் கிடைத்த பலன் மட்டும் சிறியதுதான்.

சிக்கல் ரெக்கார்டிங்கில் இல்லை, அது சேர்வதில்தான். மூன்று பாடங்களில் வாரம் தலா 2 மணி நேரம் விட்டால் நான்கு வாரத்தில் 24 மணி நேரம் பாக்கி. நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்தால் இன்னும் நீளும். சிங்கப்பூரின் என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்களின் செமஸ்டரில் பாடம் நடப்பதே 13 வாரம். நடுவில் வரும் ஒரு வார இடைவேளையில் இதை அடைக்க முடியாது. இரட்டை வேகத்தில் ஓட்டுவது திருப்பிப் பார்க்கச் சரி, புதிய கணக்குக்கு உதவாது. என்எஸ் (தேசிய சேவை) முடித்து வந்து கால்குலஸ் மறந்தவர்களுக்குச் சுத்தமாக உதவாது.

விட்டே ஆகவேண்டுமென்றால் லெக்சரை விடுங்கள், டுடோரியலை (சிறு குழு வகுப்பை) விடாதீர்கள். பல பாடங்களில் அங்கே பேசுவதற்கே மதிப்பெண் உண்டு. விட்ட லெக்சரை அதன் டுடோரியலுக்கு முந்தைய இரவுக்குள் பார்த்து, டுடோரியல் கேள்வித்தாளில் இரண்டு கணக்காவது போட்டுப் பாருங்கள். லேப் தவறினால் எம்சி (மருத்துவச் சான்றிதழ்) கேட்பார்கள்.

எஸ்/யு (கிரேடுக்குப் பதில் திருப்தி, திருப்தியில்லை என்று மட்டும் காட்டும் வசதி) இருக்கிறதே என்பார்கள். அது கிரேடை மறைக்கும். இரண்டாம் ஆண்டுப் பாடத்துக்கான அடிப்படையைத் தராது.