செக் நாட்டின் ‘இரண்டாம் புல்’: த்ருஹா த்ராவா பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

செக் நாட்டில் பிர்னோ நகரத்தில் ஆறு வருடம் இருந்தேன். வேலைக்குப் போனவள் திரும்பி வரும்போது பாஞ்சோ என்ற தந்திக் கருவி ஒன்றோடு வந்தேன். போன வாரம் த்ருஹா த்ராவா என்ற செக் குழுவின் பாட்டு ஒன்றைப் பகிர்ந்ததும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, வாயில் நுழையாத பெயராக இருக்கிறதே, என்ன அர்த்தம்? யார் இவர்கள்?

‘த்ருஹா’ என்றால் இரண்டாவது, ‘த்ராவா’ என்றால் புல். இவர்கள் வாசிப்பது ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை; அந்தப் பெயரில் இருக்கிற புல்தான் இங்கேயும். இந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு மறுதாம்புதான் நினைவுக்கு வரும். அறுத்து முடித்த பிறகு அதே கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வருமே, அது.

1991-ல் ரோபர்ட் கிர்ஷெஸ்தியான், லுபோஷ் மலினா இருவரும் சேர்ந்து தொடங்கிய குழு. அதற்கு முன்பு இருவருமே போட்னீட்சி என்ற பிர்னோ குழுவில் இருந்தவர்கள். அந்தப் பெயருக்கு யாத்திரிகர்கள் என்று பொருள். அது 1970-லேயே தொடங்கிய குழு. கிர்ஷெஸ்தியான் பாட்டு எழுதுவார், பாடுவார், மாண்டலினும் வாசிப்பார். கரகரத்த குரல். முதல் தடவை கேட்கும்போது தொண்டை கட்டியிருக்கிறதோ என்று தோன்றும், நாலாவது பாட்டில் அந்தக் குரலை விட்டு வர முடியாது. மலினாவின் கையில் பாஞ்சோ.

கேள்வி: ப்ளூகிராஸே எனக்குப் புதிது. டிரம்ஸ் சத்தமே காணோம், ஆனால் தாளம் தப்பவில்லை. எப்படி?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்காரர் பில் மன்றோ. அவருடைய குழுவின் பெயரிலிருந்துதான் இந்த இசைக்கே பெயர் வந்தது. 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் பாஞ்சோவோடு அதில் சேர்ந்தார். இன்று ப்ளூகிராஸ் என்றதும் காதில் ஓடுகிற அந்த மூன்று விரல் வேகம் அவர் கொண்டு வந்தது. மாண்டலின், ஃபிடில் (வயலின்தான்), பாஞ்சோ, கிட்டார், நிற்க வைத்து வாசிக்கும் பெரிய பேஸ், சில குழுக்களில் டோப்ரோ என்ற ஒருவகைக் கிட்டார். அவ்வளவுதான் கருவிகள்.

தாளத்துக்கு வருகிறேன். பேஸ் ‘தும்’ என்று முதல் அடியைப் போடும். மாண்டலின் அடுத்த அடியில் தந்திகளைத் தட்டி உடனே விரலால் அமுக்கும், ‘சக்’ என்று ஒரு வெட்டு விழும். தும்-சக், தும்-சக். டிரம்ஸ் செய்கிற வேலையை இவை இரண்டுமே பார்த்துக்கொள்கின்றன. பாஞ்சோ இதன் மேல் எட்டு எண்ணிக்கையை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து ஓடும். ‘தகிட தகிட தக’ என்று வாயால் சொல்லிக்கொண்டே கேளுங்கள், சட்டென்று பிடிபட்டுவிடும். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

கேள்வி: கென்டக்கி எங்கே, செக் நாடு எங்கே? அதுவும் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அமெரிக்க நாட்டுப்புற இசை எப்படி உள்ளே போனது?

எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நிலம் முன்பே தயாராக இருந்தது. முதல் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்தே செக் இளைஞர்கள் வார இறுதியில் மூட்டை கட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். ‘ட்ராம்ப்’ என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். கவ்பாய் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். ஆற்றங்கரையில் முகாம் போட்டு, அதற்கு அமெரிக்க ஊர்ப்பெயர்களை வைத்து, தீ மூட்டி கிட்டாரோடு விடிய விடியப் பாடுவார்கள். அமெரிக்காவை யாரும் பார்த்ததில்லை. மனதில் ஒரு அமெரிக்கா இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பக்கத்து ஜெர்மனியில் இருந்த அமெரிக்கப் படைகளுக்கான வானொலி எல்லை தாண்டிக் கேட்டது. மியூனிக்கிலிருந்து வந்த அந்த ஒலிபரப்பில்தான் பலரும் முதன்முதலில் பாஞ்சோவைக் கேட்டார்கள். சத்தம் காதில் விழுகிறது, ஆனால் அந்தச் சத்தத்தை உண்டாக்கும் பொருளைக் கண்ணால் பார்க்க வழியில்லை.

1964-ல் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் செக் தலைநகர் பிராகாவுக்கு வந்து பாடினார். அவர் கையில் இருந்தது ஐந்து தந்தி பாஞ்சோ, அதுவும் வழக்கத்தைவிட மூன்று விரல்கட்டைகள் (ஃப்ரெட்) கூடுதலாக உள்ள நீளமான கழுத்து. ஐந்தாவது தந்தி மட்டும் குட்டை. கழுத்தின் பாதி வழியில் தனி முறுக்காணியிலிருந்து புறப்படும், கட்டைவிரல் அதை விடாமல் சீண்டிக்கொண்டே இருக்கும். மார்க்கோ செர்மாக் என்ற இளைஞர் அந்தக் கச்சேரியின் புகைப்படங்களை வைத்துக்கொண்டு அதே மாதிரி ஒரு பாஞ்சோவைத் தானே செய்துவிட்டார். கடையில் கிடையாது, கற்றுத்தர ஆள் கிடையாது. நாடெங்கும் பாஞ்சோ பரவியது அவர் வழியாகத்தான். அவர் வாசித்த கிரீன்ஹார்ன்ஸ் குழு 1960-களின் கடைசியில் அமெரிக்கப் பாட்டுகளைச் செக் வரிகளோடு பாட, ஊர் முழுக்க அந்தப் பாட்டுகள் ஓடின.

கேள்வி: அரசாங்கம் தடை எதுவும் போடவில்லையா?

இசையை முழுசாக நிறுத்தவில்லை, ஆனால் கெடுபிடி இருந்தது. 1968-ல் சோவியத் படைகள் வந்த பிறகு ஆங்கிலப் பெயர்களுக்கு இடமில்லை. கிரீன்ஹார்ன்ஸ் அதையே செக்கில் ஸெலெனாச்சி என்று மாற்றிக்கொண்டது, ரேஞ்சர்ஸ் என்ற குழு ப்லாவ்ட்சி ஆனது. மேடையேற அதிகாரிகள் முன் வாசித்துக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். ஆனாலும் 1970-களின் தொடக்கத்திலேயே கோபிட்ல்னோ என்ற சின்ன ஊரில் பாஞ்சோ ஜாம்போரி என்ற விழா தொடங்கிவிட்டது. ஐரோப்பாவின் மிகப் பழைய ப்ளூகிராஸ் விழா என்று அதைத்தான் சொல்வார்கள். இன்றும் நடக்கிறது, இடம் மட்டும் மாறியிருக்கிறது.

கேள்வி: வயலின் கற்கும் மாணவி நான். நீங்கள் பகிர்ந்த பாட்டில் நடுவே புல்லாங்குழல் மாதிரி ஒன்று வருகிறது. அமெரிக்கப் பாட்டு மாதிரியே இல்லை. அது என்ன?

நல்ல காது உங்களுக்கு. அது கவால், பால்கன் நாடுகளின் ஆட்டிடையர்கள் ஊதுகிற நீண்ட மரக்குழல். காற்றும் சுருதியும் கலந்து வரும் ஒலி அது. பாஞ்சோவைக் கீழே வைத்துவிட்டு மலினாதான் அதை ஊதுகிறார். கிளாரினெட்டும் டின் விசிலும்கூட வாசிப்பார். பால்கன் பக்கம் ஏழு எண்ணிக்கை நடை சர்வ சாதாரணம்: ‘தக தக தகிட’. கென்டக்கியின் சீரான தும்-சக் நடையில் ஊறிய காதுக்கு அது தடுக்கும், உங்களுக்குத் தடுக்காது.

இதில் இன்னும் ஆழமாகப் போனவர் யிர்ஷி ப்லோட்செக், மாண்டலின் கலைஞர். அவரும் போட்னீட்சியில் இருந்தவர்தான். பிறகு டீகிராஸ் என்ற குழுவைத் தொடங்கி, மொராவியா, ஹங்கேரி, யூதர், பால்கன் மெட்டுகளை ப்ளூகிராஸ் கருவிகளில் கொண்டு வந்தார். பிர்னோ இருப்பது செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில். அங்கே கிராமத்துத் திருவிழாக்களில் இன்றும் சிம்பால் என்ற, சந்தூர் போலக் குச்சியால் தட்டி வாசிக்கும் பெரிய கருவியோடு ஃபிடில்கள் கூட்டமாகப் பாடும். அந்தப் பாட்டுகளில் ஸ்வரம் திடீரென்று ஒரு படி கீழே இறங்கி வேறொரு இடத்தில் போய் நிற்கும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பி வரும். கலப்பு வேண்டும் என்று வெளியே தேடிப் போக வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, வாசலிலேயே இருந்தது. த்ருஹா த்ராவாவை எவ்வளவு நேசித்தாலும், மெட்டுக் கலப்பு என்று மட்டும் பார்த்தால் டீகிராஸ்தான் ஒரு படி மேலே என்பது என் எண்ணம்.

கேள்வி: டோப்ரோ என்று ஏதோ சொன்னீர்களே, கோட்டுவாத்தியம் மாதிரியா?

வாசிக்கும் விதம் கிட்டத்தட்ட அதுதான். மடியில் படுக்க வைத்து, தந்தி மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பார்கள். உடலுக்குள் ஓர் உலோகக் கூம்பு இருந்து ஒலியைப் பெருக்கும். இதை உருவாக்கிய ஜான் டோபியரா ஸ்லோவாக்கியாவில் பிறந்து அமெரிக்கா போனவர். டோபியரா சகோதரர்கள் என்ற பெயரைச் சுருக்கி ‘டோப்ரோ’ என்று வைத்தார்கள். ஸ்லோவாக் மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘நல்லது’ என்றும் பொருள். பிராகா மேடையில் அதைக் கேட்கும்போது வெளியூர் போன பிள்ளை வீடு திரும்பிய மாதிரி இருக்கும் எனக்கு.

கேள்வி: கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு சொன்னாலும், இது அமெரிக்காவைப் பார்த்துக் காப்பி அடிப்பதுதானே?

கோபமெல்லாம் இல்லை, தம்பி. ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம் மொழி.

செக் சொற்களில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில். ஆங்கிலப் பாட்டு வரி பெரும்பாலும் ‘தி’, ‘ஐ’ என்று லேசான ஒரு அசையில் தொடங்கி அடுத்ததில்தான் ஊன்றும். அந்த மெட்டில் செக் வரியை அப்படியே உட்கார வைத்தால் சொல்லின் தலை தவறான இடத்தில் இடிக்கும். ‘அ’ மாதிரி ஓரசைச் சொல்லை முன்னால் போட்டுத் தப்பிக்கலாம். அதற்கு ‘மேலும்’ என்று பொருள். ஆனால் ஒவ்வொரு வரியையும் ‘மேலும்’ என்று தொடங்க முடியுமா? இன்னொன்று, தமிழைப் போலவே செக்கிலும் குறில் நெடில் உண்டு. நெடிலைக் குறுக்கிப் பாடினால் காதில் உறுத்தும், சில சமயம் சொல்லே மாறிவிடும். ஆகவே எழுதுகிறவர் மெட்டை வளைக்க வேண்டும், அல்லது பாட்டையே புதிதாகச் சிந்திக்க வேண்டும். கிர்ஷெஸ்தியான் இரண்டையும் செய்தவர்.

2007-ல் த்ருஹா த்ராவா வெளியிட்ட ‘டிலனோவ்கி’ முழுக்க அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பாட்டுகள், கிர்ஷெஸ்தியானின் செக் வரிகளில். நான் செக் தட்டுத்தடுமாறிப் பேசிய காலத்தில், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டுக்கு ஒரு மாலை என்று அதைக் கேட்டேன். ஆங்கில மூலம் எனக்கு மறந்தே போய்விடும். பல வருடம் காட்டு முகாம்களில் பாடிப் பாடித் தேய்ந்த செக் சொற்கள் அவை, அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று தோன்றவே தோன்றாது. அவர் போட்னீட்சி காலத்தில் எழுதிய ‘பனென்கா’வை முகாம் தீயைச் சுற்றிப் பாடுபவர்கள் பலர், எழுதியவர் இன்னார் என்று தெரியாமலே பாடுகிறார்கள்.

அமெரிக்கர்களும் த்ருஹா த்ராவா குழுவினரைச் சமமாகத்தான் நடத்துகிறார்கள். பில் மன்றோவின் குழுவிலேயே பாடிய பீட்டர் ரோவன் 1999-ல் இவர்களோடு சேர்ந்து ‘நியூ ஃப்ரீடம் பெல்’ என்ற ஆல்பம் செய்தார். டிலனின் ஒலிப்பதிவுகளில் வாசித்த ஹார்மோனிகா மேதை சார்லி மெக்காய் இவர்களோடு மேடையேறியிருக்கிறார்.

கேள்வி: நேரில் கேட்ட அனுபவம் ஒன்று சொல்லுங்கள் அக்கா.

கச்சேரியைவிட, பிர்னோவில் ஒரு பீர்க்கடையின் பின்னறையைச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து, எல்லோரும் உள்பக்கம் பார்த்து வாசிப்பார்கள். கேட்க வந்தவர்கள் முதுகைத்தான் பார்க்க வேண்டும். பாட்டை முடிக்கப் போகிறவர் ஒரு காலைத் தரையிலிருந்து தூக்குவார், அதுதான் கடைசிச் சுற்று என்று சைகை.

என் பக்கத்தில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். தந்தியை மீட்ட ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மாட்டிய எஃகு நகங்கள், கட்டைவிரலில் பிளாஸ்டிக் நகம். என் நகம் வழுக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, பையிலிருந்து சின்னக் குறடு எடுத்து, என் விரலோடு வைத்து வைத்துப் பார்த்து வளைத்துக் கொடுத்தார். தெரிந்த மெட்டு வந்ததும் நான் ஆங்கிலத்தில் பாட ஆரம்பித்தேன். அவர் குனிந்து, பொறுமையாக, ஒவ்வொரு செக் வரியையும் பாடுவதற்கு ஒரு நொடி முன்னால் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். அப்படியே பாட்டு முடியும் வரை பாடினேன்.

கேள்வி: பாஞ்சோ வாங்க ஆசை. செக் நாட்டில் செய்தது நன்றாக இருக்குமா?

நன்றாகவே இருக்கும். பிராகாவுக்குப் பக்கத்தில் உன்ஹோஷ்ட் என்ற ஊரில் யாரோஸ்லாவ் ப்ரூகா செய்யும் பாஞ்சோக்கள் அமெரிக்காவிலும் மதிப்புள்ளவை. விலை அதிகம். முதல் கருவிக்கு அது தேவையில்லை. சாதாரணமானதாக ஒன்று வாங்குங்கள், ஆனால் ஐந்து தந்தியா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். நாலு தந்தி பாஞ்சோ வேறு கருவி.

கேள்வி: எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

டிலனை ஏற்கெனவே தெரியும் என்றால் ‘டிலனோவ்கி’. தெரியாது என்றால் அதை விட்டுவிட்டு ‘பனென்கா’விலிருந்து தொடங்குங்கள். போட்னீட்சியின் பழைய ஒலிப்பதிவையே தேடிக் கேளுங்கள், பின்னால் வந்த பதிப்புகள் அப்புறம். வரிகளின் பொருளை முதல் தடவை தேடாதீர்கள். இரண்டாவது தடவை கேட்டுவிட்டு வந்து கேளுங்கள், வரிவரியாக நான் எழுதித் தருகிறேன்.