மகன் போனை எடுக்காவிட்டால் உயிரே போகிறது!

கேள்வி: எனக்கு வயது 46. கோவையில் படிக்கும் மகன் ஒரு தடவை போனை எடுக்காவிட்டாலும், விபத்தோ என்று கை நடுங்குகிறது. அவன் பேசியதும் கேஸை மூடினோமா, கணவருக்குச் சர்க்கரை ஏறியிருக்குமோ என்று அடுத்த கவலை. ஒரு வருடமாகச் சரியான தூக்கமில்லை. கழுத்து இறுகி வலிக்கிறது. ஈசிஜி நார்மல். “சும்மா யோசிக்காதே” என்கிறார்கள். மனநல மருத்துவரைப் பார்க்கணுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பாருங்கள் சகோதரி. சொன்னால் நிற்கிற கவலையாக இருந்தால் எப்போதோ நிறுத்தியிருப்பீர்களே! 6 மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் ஒன்று மாற்றி ஒன்றாகக் கவலை, கூடவே தூக்கக்கேடு, தசை இறுக்கம் என்றால் ‘பொதுப் பதற்றக் கோளாறு’ என்று சந்தேகிப்போம். கடிதத்தை வைத்தே முடிவு சொல்ல மாட்டேன். தைராய்டு கோளாறும் இதே படபடப்பைத் தரும். முதலில் அந்த ரத்தப் பரிசோதனை. (காபியும் படபடப்பைக் கூட்டும். எத்தனை டம்ளர் என்று எழுதவில்லையே?)

மகனுக்குத் திரும்பத் திரும்ப போன் செய்கிறீர்கள் அல்லவா, அது அந்த நிமிடத்துக்கு நிம்மதி, கவலைக்கோ தீனி. சிபிடி என்கிற பேச்சு சிகிச்சையில், உடனே கூப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நாலே நாளில் விட்டுவிடாதீர்கள். அப்புறம், அடுத்த வீட்டம்மா கொடுக்கும் அல்பிரசோலம் என்கிற பதற்றம் தணிக்கும் மாத்திரை வேண்டவே வேண்டாம், அது பழக்கமாகிவிடும்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கே போகலாம். அதுவரை பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மனாஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.