ரத்தத்தில் நியூட்ரோபில் வலைகள்: புற்றுநோய் பரவுவதை முன்கூட்டியே காட்டுமா?

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து, இப்போது ஹார்மோன் மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்கிறார். வெள்ளையணுக்கள் வெளிவிடும் ஒருவகை வலையை ரத்தத்தில் அளந்தால், நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவுமா என்பதை முன்பே அறியலாம் என்று படித்தேன். அந்தப் பரிசோதனையை அக்காவுக்குச் செய்து பார்க்கலாமா? வலை அதிகமாக இருந்தால் அதைக் குறைக்க மருந்து உண்டா?
– வாசகி ஒருவர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆனால் நீங்கள் படித்தது ஆதாரமில்லாத செய்தி அல்ல.

நம் ரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை பெரும்பாலும் நியூட்ரோபில்கள்தாம். அவை கிருமிகளை விழுங்கிக் கொல்வது நெடுநாளாகத் தெரிந்ததே. தமக்குள்ளிருக்கும் டி.என்.ஏ.வையே வலைபோன்ற இழைகளாக வெளியே வீசி, அந்த இழைகளில் ஒட்டியிருக்கும் எலாஸ்டேஸ், மைலோபெராக்சிடேஸ் போன்ற நொதிகளைக் கொண்டு கிருமிகளைச் சிக்கவைக்கின்றன என்பதை, 2004-இல் பெர்லினிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஆர்டுரோ சைக்லின்ஸ்கியின் குழுவினர் கண்டறிந்தனர்.

கிருமிக்காக விரிக்கப்படும் இந்த வலை புற்றுநோய்க்கும் உதவிவிடுகிறது என்பதுதான் கவலைக்குரியது. அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் மிகாலா எகெபிளாடின் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளின் நுரையீரலில் புகையிலைப் புகையால் ஏற்பட்ட அழற்சி இவ்வலைகளை உருவாக்க, அவற்றிலிருந்த நொதிகள் அருகிலுள்ள லாமினின் என்னும் புரதத்தைத் துண்டாக்க, அதன் விளைவாக அங்கே உறங்கிக் கிடந்த புற்றணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கின. 2020-இல் சீன ஆய்வாளர்கள், புற்றணுவின் மேற்பரப்பிலுள்ள சிசிடிசி25 என்னும் புரதம் இவ்வலையின் டி.என்.ஏ.வை உணர, புற்றணு அதை நோக்கி நகர்வதைக் காட்டினர். தொடக்கநிலை மார்பகப் புற்றுநோயாளிகளின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) இவ்வலைகள் மிகுந்திருந்தால், பிற்பாடு கல்லீரலில் நோய் பரவும் வாய்ப்பும் கூடுதல் என்று அதே ஆய்வு கூறியது. நீங்கள் படித்த செய்தி பெரும்பாலும் இதிலிருந்து வந்திருக்க வேண்டும்.

இத்தனை இருந்தும் நான் வேண்டாம் என்பதற்கு முதற்காரணம் அளவிடுவதிலுள்ள சிக்கல். வலையை நேரடியாக எண்ண முடியாது. மைலோபெராக்சிடேஸ் ஒட்டிய டி.என்.ஏ.வையோ, வலை உருவாகும்போது வேதிமாற்றம் அடையும் எச்3 என்ற ஹிஸ்டோன் புரதத்தையோ (டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதங்களில் ஒன்று) எலைசா என்னும் ஆய்வக முறையில் அளக்கிறார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறை வேறுபடுகிறது. இன்ன அளவுக்கு மேல் ஆபத்து என்று எல்லோரும் ஏற்ற எல்லைக்கோடு இல்லை. ரத்தம் குழாயில் உறையும்போதே நியூட்ரோபில்கள் தூண்டப்படலாம் என்பதால், சீரத்தில் எடுத்த அளவும் பிளாஸ்மாவில் (உறையவிடாமல் பிரித்த ரத்த நீர்) எடுத்த அளவும் ஒன்றாக இருப்பதில்லை. மேலும், கடும் நோய்த்தொற்று, உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ், சர்க்கரை நோய் போன்றவற்றிலும் இந்த அளவு உயரும். ஒரு நிமோனியாக் காய்ச்சல் உயர்த்திய எண்ணைப் பார்த்துவிட்டு, புற்றுநோய் திரும்பிவிட்டதென்று உங்கள் அக்கா உறக்கமின்றித் தவிப்பதை நான் விரும்பவில்லை. பல நோயாளிகளைக் குழுவாக வைத்துப் பார்க்கும்போது தெரியும் தொடர்பு, தனி ஒருவரின் நாளையைச் சொல்லப் போதாது.

மருந்தைப் பொறுத்தவரை, இழைகளை அறுக்கும் டி.என்.ஏஸ் நொதியும், வலை உருவாகத் தேவையான பிஏடி4 நொதியைத் தடுக்கும் பொருள்களும் எலிகளில் நல்ல பலன் காட்டியுள்ளன. ஆனால், மார்பகப் புற்றுநோய் பரவாமல் தடுக்க இந்த நோக்கில் நோயாளிகளுக்கு வழக்கமாகத் தரப்படும் மருந்து எதுவும் இல்லை. எனவே எண் உயர்ந்திருப்பது தெரிந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை.

அக்கா ஹார்மோன் மாத்திரையை ஒருநாளும் விடாமல் எடுப்பதும், ஆண்டுதோறும் மேமோகிராம் செய்வதும், மருத்துவர் சொன்ன நாளில் நேரில் சென்று காட்டுவதும்தான் இன்று உறுதியான பயன் தருபவை. வீட்டில் யாரேனும் புகைபிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு எந்தப் பரிசோதனை முடிவும் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வலைகள் ரத்தம் உறைவதையும் தூண்டக்கூடியவை. வியன்னாவில் 946 புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மாற்றமடைந்த எச்3 அதிகமிருந்தவர்களுக்குச் சிரைகளில் ரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. உங்கள் அக்கா எடுப்பது டமாக்சிஃபென் மாத்திரையாக இருந்தால் அதுவும் அந்த வாய்ப்பைச் சற்றுக் கூட்டும். ஆகவே ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சுத் திணறினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.