பழைய பாரம்பரிய உருளைக்கிழங்கு ரகங்களுக்குச் சுவையில் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா? எதை எப்படிச் சமைக்க வேண்டும்?

இருக்கிறது. ஆனால் சாம்பாரில் போட்டுச் சாப்பிட்டால் தெரியாது. புளியும் மிளகாயும் கூடிய இடத்தில் எல்லாக் கிழங்கும் ஒன்றுதான். தோலோடு ஆவியில் வேகவைத்து, உப்பும் கொஞ்சம் வெண்ணெயும் மட்டும் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். நான் இருப்பது ஸ்காட்லாந்தில். இங்கே பழைய ரகங்களின் விதைக்கிழங்கு சுலபமாகக் கிடைக்கும், வாடகைக்கு எடுத்திருக்கும் சின்னத் தோட்டத்தில் வருஷா வருஷம் இரண்டு மூன்று ரகம் போடுவேன். அதனால் இந்தப் பக்கத்து ரகங்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெரு நாட்டு ரகங்கள் தனி உலகம், அதற்கு அங்கே இருப்பவர்தான் எழுத வேண்டும்.

நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு வாயில் படும் பதம். மாவுச்சத்து அதிகமுள்ள கிழங்கு வேகும்போது உள்ளே செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, உதிரி உதிரியாக மாவாகிவிடும். மாவுச்சத்து குறைந்து ஈரம் கூடுதலாக இருப்பதில் செல்கள் பிடித்துக்கொண்டே இருக்கும், வெந்த பிறகும் கத்தியால் வில்லை வில்லையாக நறுக்கலாம். கையில் இருப்பது எது என்று தெரியவில்லையா, 1 கப் உப்பை 11 கப் தண்ணீரில் கரைத்து அதில் கிழங்கைப் போடுங்கள். மாவுக் கிழங்கு அடியில் போய் உட்காரும், மற்றது மிதக்கும்.

மாவு வகையில் என் ஓட்டு கோல்டன் வொண்டருக்கு. 1906-ல் ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் ஊர்ப் பக்கம் உருவான ரகம், பிரிட்டனில் இதே பெயரில் விற்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பெயர் வந்ததும் இந்தக் கிழங்கிலிருந்துதான். சொரசொரப்பான பழுப்புத் தோல், உள்ளே ரொம்ப வறண்ட சதை, மண்வாசனை கலந்த அழுத்தமான ருசி. ஆனால் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் நடுப்பகுதி வேகும் முன்பே மேல்பகுதி கரைந்து கஞ்சியாகிவிடும், குக்கரில் மூன்று விசில் விடுகிற பழக்கம் இதனிடம் செல்லாது. இட்லித் தட்டில் தோலோடு வைத்து ஆவியில் வேகவிடுங்கள், ஆறியதும் தோலை உரித்து உதிர்த்துப் பொடிமாஸ் செய்யுங்கள். பூப்போல உதிரும் பொடிமாஸ் என்று நம் வீடுகளில் சொல்வது இதில்தான் எனக்குச் சரியாக வந்தது. பூரிக்கிழங்குக்கும் மசால் தோசைக்கும் இது வேண்டாம், அவ்வளவு வறட்சி ஆகாது. அதற்கு கெர்ஸ் பிங்க் அல்லது 1902-ல் வந்த கிங் எட்வர்ட் போதும், குழையும், ஆனால் கூழாகாது. கிங் எட்வர்டைப் பாதி வேகவைத்து, தண்ணீரை வடித்து, பாத்திரத்தோடு நன்றாகக் குலுக்கி ஓரங்களைப் பிசிறாக்கி, ஏற்கெனவே சூடேறிய எண்ணெயில் போட்டு ஓவனில் வைப்பது இந்த ஊர்க்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்தப் பிசிறுதான் மொறுமொறுப்பாகிறது. நம் ரோஸ்டுக்கும் இதே உத்தி பலிக்கிறது, மிளகாய்த்தூளை மட்டும் கடைசியில் தூவுங்கள், முன்னாலேயே போட்டால் கருகிவிடும்.

உடையாத வகையில் பிங்க் ஃபர் ஆப்பிள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனுக்கு வந்தது, பார்க்க இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும். பச்சையாகத் தோல் சீவ உட்கார்ந்தால் பொறுமை போய்விடும், சீவவும் தேவையில்லை, தோல் மெல்லிசு. உள்ளே மஞ்சள் சதை, அழுத்தமாக, லேசாகக் கொட்டைப் பருப்பு வாசத்தோடு. வேகவைத்து, நீளவாக்கில் நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, நிறைய கறிவேப்பிலை தாளித்து இரும்புச் சட்டியில் முறுகவிட்டால் ஒரு துண்டுகூட உடையாது. பழைய ரகத்துக்கென்று கூடுதல் காசு கொடுப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றுவது இந்த ஒன்றில்தான்.

மசியலுக்கு மாவுக் கிழங்குதான் என்று எல்லோரும் சொல்வார்கள். பிரெஞ்சு சமையல்காரர் ஜோயல் ரோபுஷோனின் பேர்பெற்ற மசியல் ராட் என்ற கிழங்கில் செய்தது, அது உடையாத வகை! கிலோவுக்குக் கால் கிலோ வெண்ணெய் போட்டு, சல்லடையில் தேய்த்து எடுத்தால் எதுவும் பட்டாகத்தான் வரும் என்று நீங்கள் கேட்கலாம், அதுவும் சரி.

நிறக் கிழங்குகளைப் பற்றி இணையத்தில் ஏகப்பட்ட ஆரவாரம். எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. சாலட் ப்ளூ உள்ளும் புறமும் நீலம், பெயரில் சாலட் இருக்கிறது, சாலட் செய்தால் உடைந்து மாவாகும். ஹைலேண்ட் பர்கண்டி ரெட் சிவப்பு. இரண்டையும் தண்ணீரில் வேகவைத்தால் நிறத்தில் பாதி தண்ணீரோடு போய்விடும், ஆவியில் வைத்தாலோ வறுத்தாலோ நிற்கும். எலுமிச்சை பிழிந்தால் நீலம் சிவப்புப் பக்கம் திரும்பும், குழந்தைகளுக்குக் காட்ட நன்றாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் சுமாரான மாவுக் கிழங்கு, அவ்வளவுதான். ஆரன் விக்டரி வேறு கதை. தோல் மட்டும் ஊதா, உள்ளே வெள்ளை, ருசியில் கோல்டன் வொண்டருக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

அப்புறம், பழசு என்றாலே ருசி என்று நினைக்காதீர்கள். 1840-களின் பஞ்சத்துக்கு முன் அயர்லாந்து ஏழைகள் பெரும்பாலும் சாப்பிட்ட லம்பர் ரகம் மோசமான மண்ணிலும் கொட்டிக் கொடுத்தது, ஆனால் சதசதவென்று ஈரக் கிழங்கு என்று அந்தக் காலத்திலேயே பேர் வாங்கியது. ருசியில்லாதவை பலவும் வழியிலேயே உதிர்ந்துபோய், ருசித்தவற்றை மக்கள் விடாமல் நட்டுக்கொண்டே வந்ததால்தான் இன்று கிடைக்கும் பழைய ரகங்கள் நன்றாக இருக்கின்றன என்பது என் கணிப்பு. புதுசிலும் நல்லது உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் தென்னமெரிக்க ஃபுரேஜா வகையிலிருந்து உருவாக்கி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட மாயன் கோல்ட் ருசியில் பல கிழவர்களைத் தோற்கடிக்கும். சீக்கிரம் வெந்துவிடும், அடுப்பைவிட்டு நகராதீர்கள்.

எந்த ரகமானாலும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், வறுத்தால் உள்ளே வேகும் முன் வெளியே கருத்து, இனிப்புத் தட்டும். காகிதப் பையில், இருட்டில், காற்றோட்டமாக வையுங்கள்.

தோட்டத்தில் ஒரு ரகம் போடத்தான் இடம் என்றால் பிங்க் ஃபர் ஆப்பிள் போடச் சொல்வேன், ஆனால் அது அக்டோபர் வரை மண்ணில் கிடக்க வேண்டிய கிழங்கு, இலைக்கருகல் நோய் அதற்குள் வந்துவிடும். மழை அதிகமான இடமாக இருந்தால் தண்டில் கருப்புத் திட்டு தெரிந்த அன்றே தண்டை அடியோடு வெட்டிவிட்டு, இரண்டு மூன்று வாரம் விட்டுத் தோண்டுங்கள். கிழங்கு சின்னதாக இருக்கும், ருசி குறையாது.